பாய் விரிந்தால்தான் கப்பல்

பிரான்சின் மேற்கு முனையில் உள்ள பிரெஸ்ட் துறைமுகத்தில் 1992 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலை மாதத்தில், பாய்மரக் கப்பல்கள் கூடுகின்றன. (2020இல் மட்டும் கொரோனா விடவில்லை.) கப்பல்துறையில் ஜனம் அலைமோதும். எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டுக் கரையில் நிற்கும் கப்பலைப் பார்ப்பது, உறைக்குள் கிடக்கும் நாகஸ்வரத்தைப் பார்த்துவிட்டுக் கச்சேரி கேட்டதாகச் சொல்லிக்கொள்வது போல. கச்சேரி விழா முடிவில்தான் நடக்கிறது: பெரிதும் சிறிதுமாகக் கலங்கள் கூட்டமாகக் கிளம்பி, கரையை ஒட்டியே தெற்கே துவார்னெனே ஊருக்குப் போகும் பயணம். ஒரு பகல் ஓட்டம்.

பிரெஸ்ட்டின் உள்கடலுக்கு ஒரே வாசல், கூலே என்னும் நீரிணை. குறுகலான இடத்தில் இரண்டு கிலோமீட்டர் அகலம்கூடக் கிடையாது. பெரிய ஓதத்தின்போது ஏழு மீட்டர் வரை ஏறி இறங்கும் கடல் முழுக்க இதன் வழியேதான் போய்வர வேண்டும். அதனால் நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் எல்லோரும் கிளம்புவார்கள்.

இதில் சின்னப் படகில் இடம் பிடிப்பதே புத்திசாலித்தனம். அந்தக் கரையின் பழைய மீன்பிடிப் படகுகளின் பாய் செம்பழுப்பாக இருக்கும். அழகுக்காகப் பூசிய நிறமல்ல. நனைந்த பருத்தித் துணி பூஞ்சை பிடித்து மக்கிவிடும் என்பதால் மரப்பட்டைச் சாற்றிலோ காசுக்கட்டி கரைத்த கொதிநீரிலோ ஊறவைத்தார்கள். நம் ஊரில் வெற்றிலையோடு மெல்லும் அதே காசுக்கட்டிதான். கீழைநாடுகளிலிருந்து கப்பலேறி இந்தக் கரை மீனவர் வரை போயிருக்கிறது. இன்று செயற்கை இழைத் துணிக்கு அது தேவையே இல்லை. நிறத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள், அதுவும் சரிதான்.

கூட்டத்தில் என் கண் தேடுவது பெலெம் என்ற கப்பலை. 1896இல் நாந்த் நகரில் கட்டியது. நீளம் 58 மீட்டர். பிரேசிலிலிருந்து சாக்லேட் ஆலைக்குக் கொக்கோ சுமந்தது. 1902இல் மார்த்தினிக் தீவின் சேன்-பியேர் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் வேறு விரிகுடாவில் போய் நங்கூரம் போட வேண்டியதாயிற்று. மறுநாள் பெலே எரிமலை வெடித்து ஊரும் அங்கிருந்த கப்பல்களும் எரிந்துபோயின. பிறகு ஒரு பிரபுவின் உல்லாசக் கப்பல், வெனிஸ் தீவொன்றில் பையன்களின் பயிற்சிக் கப்பல் என்று சுற்றி, 1979இல் தாய்நாடு திரும்பியது.

கூலேயைக் கடக்கும்போது எதிரே மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசினால் பெலெம் இஞ்சினைத்தான் நம்பும். சதுரப்பாய்க் கப்பலுக்குக் காற்றின் முகத்தை நெருங்கி ஓட வராது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் கமரே ஊருக்கு அப்பால் முனையைச் சுற்றும்வரை பொறுக்க வேண்டும். அங்கே பாதை தெற்கே திரும்புகிறது, காற்று பக்கவாட்டுக்கு வருகிறது. ஆட்கள் கயிற்றேணியில் ஏறி, பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டையான பருமலுக்குக் கீழே தொங்கும் கயிற்றில் கால் பதித்து, வயிற்றைக் கட்டையில் அழுத்தியபடி ஓரம் வரை நகர்ந்து கட்டுகளை அவிழ்க்கிறார்கள். துணி முதலில் தொளதொளவென்று தொங்கும். கீழே தளத்தில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுத்ததும் மூலைகள் விறைக்கும். ஒரு படபடப்பு, பிறகு டப்பென்று காற்று நிறையும். இப்படித் தட்டுத்தட்டாக விரியும்போது கப்பல் மெல்லச் சாய்ந்து, இஞ்சின் ஓய்ந்து, அணியத்தில் நுரை கூடும். இழுப்பவர்களில் பாதிக்கு மேல் மாலுமிகளே அல்ல, கட்டணம் கட்டி ஏறிய சாதாரண ஜனங்கள். அவர்கள் கைத்தாளம் தப்பினால் பாய் கோணுவது எங்கள் படகிலிருந்தே தெரியும்.

1932இல் பிறந்த பிரெஞ்சுக் கடற்படையின் இரட்டைக் கப்பல்கள் எத்துவாலும் பெல் பூலும் வேறு ரகம். ஐஸ்லாந்துக் கடலுக்கு மீன்பிடிக்கப் போன பழைய படகுகளின் சாயலில் கட்டியவை, பாய்கள் பெரும்பாலும் கப்பலின் நீளவாக்கில் அமைந்தவை. காற்றோடு இன்னும் நெருங்கிப் போகும், ஆளும் குறைவு. சாமர்த்தியம் இவற்றுக்கே அதிகம். கம்பீரத்தில் பெலெமுக்குக் கீழேதான்.

நான்காண்டுக் கணக்குப்படி அடுத்த விழா 2028இல் வர வேண்டும். போகிறவர்கள் கரைச் சீட்டோடு நிற்காமல் துவார்னெனே போகும் படகு ஒன்றில் முன்கூட்டியே இடம் சொல்லி வையுங்கள். ஜூலைதானே என்று கம்பளிச் சட்டையை மறந்துவிட வேண்டாம்.