தமிழ்த் திரைப்படங்களில் வில்லன் பாத்திரம்: 'உதிரிப்பூக்க'ளை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழ்த் திரைப்பட வில்லன் பெரும்பாலும் தன் செயலால் அறியப்படுமுன் தன் தோற்றத்தாலேயே அறியப்பட்டுவிடுகிறான். பி. எஸ். வீரப்பாவின் அதிரும் சிரிப்பும், எம். என். நம்பியாரின் உருட்டிய விழிகளும் ஒரு தலைமுறை இரசிகருக்குத் தீமையின் அடையாளக் குறிகளாகவே விளங்கின. 1965இல் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் நம்பியார் ஏற்ற கஜேந்திரன், மைத்துனனின் சொத்தை விரும்பி அவனைச் சாட்டையால் அடக்கி வைப்பவன். அதே சாட்டை எம். ஜி. ஆரின் கைக்கு மாறியதும் அரங்கில் ஆரவாரம் எழுகிறது. சாட்டை யார் கையில் இருக்கிறது என்பதே அங்கு அறத்தின் அளவுகோல். சாட்டையைப் பற்றிய கேள்வி எவருக்கும் எழுவதில்லை.

இத்தகைய பாத்திரவார்ப்பு பார்வையாளனுக்குப் பெரியதோர் ஆறுதலை அளிக்கிறது. தீமை தனக்குப் புறத்தேயுள்ள ஒருவனிடம் குடிகொண்டிருப்பதாகவும், அவன் வீழ்ந்ததும் அது நீங்கிவிட்டதாகவும் எண்ணி அவன் வீடு திரும்பலாம். தன்னைப் பற்றி அவன் எதுவும் எண்ண வேண்டியதில்லை.

இந்த ஆறுதலை முதலிற் குலைத்த படங்களுள் ஒன்று, எஸ். பாலசந்தரின் இயக்கத்தில் 1954இல் வெளிவந்த 'அந்த நாள்'. பாடல்களே இல்லாத அப்படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற இராஜன், வானொலித் துறையில் ஆற்றல் மிக்கவன். தன் அறிவைத் தாய்நாடு மதிக்கவில்லை எனும் மனக்குறை உடையவன். இரண்டாம் உலகப் போரின்போது அவன் ஜப்பானியரின் ஒற்றனாகிறான். அவனது மனக்குறை நியாயமானது; அதற்கு அவன் தேடிய பரிகாரமோ பிறரது உயிரைப் பொருட்படுத்தாதது. நியாயமான குறையொன்றிலிருந்தும் தீமை முளைக்கலாம் என்பதை அப்படம் காட்டியது. எனினும் இராஜனின் குற்றம் போர்க்காலத்துக்குரியது. சாதாரண இரசிகனின் அன்றாட வாழ்விலிருந்து அது தூரத்தே நின்றது.

அத்தூரத்தை முற்றாக நீக்கியவர் மகேந்திரன். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து வித்தைப் பெற்று, மூலத்தினின்றும் பெரிதும் விலகி அவர் ஆக்கிய 'உதிரிப்பூக்கள்' 1979இல் வெளிவந்தது. விஜயன் ஏற்ற சுந்தரவடிவேலு சிற்றூரொன்றிலே செல்வாக்குடையவன். மனைவியும் இரு குழந்தைகளும் உள்ளவன். வில்லனுக்குரிய புற அடையாளங்கள் எவையும் அவனிடம் இல்லை. அவன் உரத்துப் பேசுபவனல்லன். அமைதியாகவே காயப்படுத்துகிறான், காயத்தின் விளைவை அமைதியாகவே பார்த்திருக்கிறான்.

அவனது ஒழுக்கக் குறைபாட்டின் வேர் எது? காமம் என்பது மேலோட்டமான விடை. நோயுற்ற மனைவி இலட்சுமி உயிருடன் இருக்கையிலேயே அவளது தங்கை செண்பகத்தை இரண்டாந்தாரமாகக் கேட்கிறான். கேட்பது மாமனாரிடம்; அதுவும் முறைப்படி. இருதார மணத்தைச் சட்டம் 1955இலேயே தடைசெய்துவிட்ட நாட்டில், வழக்கத்தின் பெயரால் இக்கோரிக்கையை வெட்கமின்றி முன்வைக்க அவனால் முடிகிறது. தன் விருப்பத்துக்கு மரபின் மொழியை அணிவிக்க அறிந்தவன் அவன். கோரிக்கை மறுக்கப்பட்டதும் மனைவியின் நடத்தைமீது பழி சுமத்துகிறான். அதற்கும் ஊர் வழங்கும் மொழியே அவனுக்குப் போதுமாயிருக்கிறது. மற்றவர்களுக்கும் தன்னைப் போல ஒரு மனம் உண்டு என்பதை அவன் ஏற்பதேயில்லை. மனைவி, குழந்தைகள், ஊரார் யாவரும் அவனுக்கு உடைமைகள். கைக்கு அகப்படாத உடைமையை உடைத்துவிடுவது அவன் இயல்பு. செண்பகத்தை அவன் மானபங்கப்படுத்துவதும் இதன் இறுதி விளைவே.

தீமையை ஒரு தனிமனிதனின் உளக்கோணலாகச் சுருக்கிவிட்டது இப்படம் என ஒருவர் வாதிடலாம். சுந்தரவடிவேலுவின் செல்வாக்கிற்கு ஆதாரமான பொருளியல் உறவுகளைப் படம் விரிவாக ஆராயவில்லை என்பது உண்மையே. ஆயின் அந்தச் செல்வாக்கு எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை அது மறைக்கவில்லை. இலட்சுமி வீட்டைவிட்டு அனுப்பப்பட்டபோதும், அவள் இறந்தபோதும், அவன் வேறொருத்தியை மணந்தபோதும் ஊர் யாவற்றையும் அறிந்திருந்தது, அறிந்தும் அடங்கியிருந்தது. அவனுடைய அமைதியும் ஊரின் மௌனமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இதனாலேயே படத்தின் முடிவு இத்துணை கனம் பெறுகிறது. செண்பகத்துக்கு நேர்ந்த கொடுமையின் பின் ஊர் திரண்டு அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்கிறது. நீரில் இறங்கி உயிர்விடுமாறு பணிக்கிறது. தான் செய்த தவறுகள் யாவற்றிலும் பெரியது, இதுவரை நல்லவர்களாயிருந்த ஊராரையும் தன்னைப் போலாக்கியதே என்னும் பொருள்பட அவன் அப்போது பேசுகிறான். இவ்வளவு தெளிவு அவனுக்கு இறுதிக் கணத்தில் வாய்ப்பது சற்றுத் திடீரெனத் தோன்றலாம். ஆனால் அது வெறும் மனமாற்றமன்று. பிறருக்கும் மனம் உண்டென அவன் முதன்முதலாக ஒப்புக்கொள்ளும் சொல்லிலேயே அவர்களுக்கான இறுதிக் காயமும் அடங்கியிருக்கிறது.

'எங்க வீட்டுப் பிள்ளை'யிற் கைமாறிய சாட்டை எழுப்பாத கேள்வியை இங்கு ஆறு எழுப்புகிறது. பேச வேண்டிய நாளிற் பேசாதிருந்த சமூகம், பின்னொரு நாள் கொலையைத் தவிர வேறு மொழி அறியாததாகிவிடுகிறது. அவன் மூழ்கிய பின் அரங்கில் ஆரவாரத்துக்கு இடமில்லை. கரையிலே இரண்டு குழந்தைகள் நிற்கின்றனர். தந்தையைத் தண்டித்த நீதி அவர்களுக்கு எதனை வழங்கியது என்ற வினாவுக்கு ஊரிடம் விடையில்லை. அதுவரை ஊரோடு சேர்ந்து அவனை வெறுத்திருந்த பார்வையாளனிடமும் இல்லை. வில்லனின் வீழ்ச்சியைக் கண்டு மகிழ வந்தவனைத் தன் மௌனங்களை எண்ணிப் பார்க்கச் செய்தமையே 'உதிரிப்பூக்க'ளின் தலையாய சாதனை எனலாம்.