நான்கரை மில்லிமீட்டர்: நாட் கிட் பற்றி ஒரு திருத்தம்

முதலில் திருத்தம், அப்புறம் விமர்சனம்.

புதிதாக வந்திருக்கும் 1/72 நாட் போர்விமான கிட்டைப் பற்றி மூன்று மாதத்துக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். "உடல் நான்கரை மி.மீ. அதிக நீளம். அளவு தெரியாமல் அச்சு வெட்டியிருக்கிறார்கள்" என்று தீர்ப்பும் சொல்லியிருந்தேன். அந்தத் தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரி மாணவர் திருநகர் மூணாவது ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு செருப்பு டப்பா. உள்ளே அதே கிட். "அண்ணே, நீங்க எழுதுனபடி வெட்டிட்டேன். இப்ப றெக்கை உக்கார மாட்டேங்குது" என்றார். காக்பிட்டுக்குப் பின்னால் ரம்பம் வைத்து, சுத்தமாக நான்கரை மி.மீ. எடுத்திருந்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் என் கட்டுரையில்தான்.

அவர் போனபிறகு உட்கார்ந்து, நான் எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்று திரும்பப் பார்த்தேன். ஆபீஸில் ஒரு பக் வந்தால் செய்வோமே, அதே வேலை.

எங்கே தப்பு நடந்தது

நாட், டபிள்யூ.இ.டபிள்யூ. பெட்டர் வடிவமைத்த விமானம். கேன்பராவுக்கும் அவர்தான். 1955 ஜூலையில் முதல் பறத்தல். பிரிட்டிஷ் விமானப்படை ஒற்றை இருக்கை போர்விமானத்தை வாங்கவில்லை. இரட்டை இருக்கை பயிற்சி விமானமான டி.1-ஐத்தான் வாங்கியது. ரெட் ஏரோஸ் குழு சிவப்புச் சாயத்தில் பறக்கவிட்டது அதைத்தான். போர்விமானத்தை முழுமனதாக எடுத்துக்கொண்டது இந்தியா. பெங்களூரில் எச்.ஏ.எல். உரிமம் பெற்றுத் தயாரித்தது. 1965 போரில் 'சபர் ஸ்லேயர்' என்று பெயர் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேலே நிர்மல் ஜித் சிங் செகோன் கடைசியாக ஓட்டியதும் நாட்தான். விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது. இந்த விமானத்தின் மாடல் சரியா தப்பா என்பதில் நம்ம ஊர் ஆட்கள் ஏன் இவ்வளவு ரோஷப்படுகிறார்கள் என்பதற்கு இது போதும்.

சரி, நீளம். நான் பிடித்துக்கொண்ட எண் 28 அடி 8 அங்குலம், அதாவது 8.74 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 121.4 மி.மீ. என் வெர்னியர் காட்டியது 125.9. வித்தியாசம் 4.5. முடிந்தது கதை, தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஆனா வேறு புத்தகங்களில் 29 அடி 9 அங்குலம் என்று இருக்கிறது. நாட்டின் வழிவந்த எச்.ஏ.எல். அஜீத் விமானத்துக்கு 9.04 மீட்டர், அதாவது 29 அடி 8 அங்குலம். அஜீத்தில் மாற்றியது முக்கியமாக இறக்கைக்குள் எரிபொருள் தொட்டி, வால், உள்கருவிகள். உடலை நீட்டியது அஜீத் பயிற்சி விமானத்தில்தான், அங்கே 1.4 மீட்டர் நீட்டினார்கள். அப்படியிருக்க ஒற்றை இருக்கை அஜீத் மட்டும் ஒரு அடி வளர்ந்தது எப்படி?

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 28 அடி 8. 29 அடி 8. சரியாக ஒரே ஒரு அடி. மூக்கு முனைக் குழாயைச் சேர்த்ததா விட்டதா என்ற வித்தியாசமாக இருக்கலாம்; யாரோ ஒருவர் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டு, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். இருபது வருஷமாக கோட் எழுதுகிறவனுக்கு இந்த 'ஒன்று குறைவு' பிழையைப் பார்த்ததும் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வெர்னியர் 0.02 மி.மீ. வரை படிக்கும். நான் நம்பிய புத்தகங்களோ தங்களுக்குள் 300 மி.மீ. முரண்படுகின்றன. கருவி துல்லியமாக இருந்தால் முடிவும் துல்லியம் என்று நினைத்துவிட்டேன்.

எப்படிப் பார்த்திருக்க வேண்டும்

சிற்பிகள் முழத்தை வைத்துச் சிலை அளப்பதில்லை. முகத்தின் நீளம் ஒரு தாலம். மற்றதெல்லாம் அதன் மடங்கு. சிலை பெரிதோ சிறிதோ, விகிதம் மாறினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மாடலுக்கும் அதுதான் நல்ல வழி.

இறக்கை அகலத்தில் புத்தகங்களுக்குள் பெரிய சண்டை இல்லை. ஒன்று 22 அடி 1 அங்குலம் என்கும், இன்னொன்று 22 அடி 2 என்கும். ஒரு அங்குலம் 1/72-ல் 0.35 மி.மீ. அதை விட்டுவிடலாம். 6.73 மீட்டர் என்று வைத்தால் 93.5 மி.மீ. வர வேண்டும்; கிட்டில் 93.3. மொத்த கிட்டும் பெரிதாக வார்க்கப்பட்டிருந்தால் இது 97-ஐத் தொட்டிருக்கும். தொடவில்லை.

அடுத்து விகிதம். நீளத்தை அகலத்தால் வகுத்தால் 8.74 கணக்குக்கு 1.30 வரும், 9.04 கணக்குக்கு 1.34 வரும். கிட்டில் 1.35. தலைக்கு மேலே பறக்கும்போது எடுத்த படங்களில் அளந்தேன். விமானம் சாய்ந்தால் அகலம் சுருங்கும், மூக்கைத் தூக்கினால் நீளம் சுருங்கும். அதனால் ஒரு படம் போதாது. பல படங்களில் பார்த்ததில் 1.34 பக்கம்தான் சேர்கிறது.

கடைசியாக, பக்கவாட்டுப் படத்தின்மேல் கிட்டின் உடலை வைத்துப் பார்த்தேன். மூக்குச் சக்கரத்திலிருந்து பின்சக்கரம், கண்ணாடிக் கூண்டின் நீளம், காற்று நுழைவாயிலிலிருந்து வால் அடி. நான்கரை மி.மீ. கூடுதல் என்றால் இதில் எங்காவது ஒரு இடத்தில் அது உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கேயும் இல்லை. எங்கே அதிகம் என்று காட்ட முடியாத அதிகத்தை வெட்டச் சொன்னவன் நான்.

இன்னொரு பொறியும் உண்டு. நல்ல வரைபடங்களும், கைக்கெட்டும் அருங்காட்சியக விமானங்களும் பெரும்பாலும் பிரிட்டனின் டி.1 வகைக்குத்தான். அதன் அகலம் 24 அடி, நீளம் 31 அடி 9 அங்குலம், இறக்கையே வேறு. அதன்மேல் நம் கிட்டை வைத்து "தப்பு" என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்தியா டி.1-ஐ ஓட்டியதே இல்லை. ஒற்றை இருக்கையைப் பார்க்க டெல்லி பாலம் போகலாம், பின்லாந்து போகலாம். 1965 செப்டம்பர் 3 அன்று பஸ்ரூரில் இறங்கிப் பிடிபட்ட நாட் கராச்சி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு டேப்போடு நாம் போக முடியாது.

அப்போ கிட் எப்படி?

வடிவம் நன்றாக இருக்கிறது. நீளம், அகலம், வால் உயரம் எல்லாம் ஒரு சதவீதத்துக்குள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஆறும்போது அரை சதவீதம் சுருங்குவதே சகஜம். அதற்குக் கீழே சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

உண்மையான குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. போன முறை அவற்றை நான் பார்க்கவே இல்லை.

தகட்டு இணைப்புக் கோடுகள் சுமார் கால் மி.மீ. அகலம். நிஜத்தில் அது 18 மி.மீ. விரலை நுழைக்கலாம். இறக்கையின் பின் விளிம்பு 0.7 மி.மீ. தடிமன், நிஜத்தில் 5 செ.மீ. பலகை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும், அரை மணி நேர வேலை. நாட்டில் இருந்தது 30 மி.மீ. ஏடன் பீரங்கி இரண்டு. கிட்டில் குழல் வாய்க்கான துளை 0.8 மி.மீ., அதாவது 58 மி.மீ. பீரங்கி! துளையை அடைத்துவிட்டு மெல்லிய ஊசிக்குழாய் வைப்பதுதான் வழி.

இவை மூன்றும் எந்தப் புத்தகமும் இல்லாமல் கண்ணுக்குத் தெரிபவை. மாடலை மேஜையில் வைத்தால் ஒரு அடி தூரத்திலிருந்து உறுத்துவதும் இவைதான். நான் கத்திய நான்கரை மி.மீ. யாருக்கும் உறுத்தவில்லை, ஏன்னா அது இல்லை.

கம்பெனி பெயரைப் போடவில்லை. என் கையில் இருந்தது ஒரே பெட்டி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. பிளாஸ்டிக் அச்சுக்கு இன்னும் இரண்டு மூன்று பெட்டி பார்த்தால்தான் பொதுவாகச் சொல்ல முடியும். போன முறை பெயரைப் போட்டுக் கத்தியதையும் அழிக்காமல், மேலே "இது தவறு" என்று எழுதி இங்கே இணைப்புக் கொடுத்திருக்கிறேன். அழித்துவிட்டால் அதை நம்பி வெட்டியவர்களுக்கு விஷயம் போய்ச் சேராது.

இனி எந்த கிட்டைப் பற்றி எழுதினாலும் மூன்று விஷயம் சொல்வேன்: எந்தப் புத்தக எண்ணை எடுத்தேன், வேறு எண் இருக்கிறதா, பிழை உடலில் எந்த இடத்தில் இருக்கிறது. மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் யாரும் ரம்பத்தை எடுக்க வேண்டாம்.

தம்பிக்கு என்னிடம் ஒட்டாமல் இருந்த கிட்டைக் கொடுத்துவிட்டேன். அவர் வெட்டியது இப்போது என் மேஜையில். நான்கரை மி.மீ. பிளாஸ்டிக் தகடு வைத்து உடலைத் திரும்ப நீட்டிக்கொண்டிருக்கிறேன். புட்டி காய வேண்டும்.