மூன்றே சொல், முழுப் பொய்

1948 நவம்பர் 3, புதன்கிழமை. ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழின் முதல் பதிப்பு. பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கொட்டை எழுத்தில் ‘ட்யூயி டிஃபீட்ஸ் ட்ரூமன்’ என்று போட்டிருக்கிறது. அதாவது ட்ரூமனைத் தோற்கடித்தாராம் ட்யூயி. முதல் நாள் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயித்ததென்னவோ ட்ரூமன்தான். பத்திரிகை உலகில் இவ்வளவு பேர் வாங்கிய தப்பு இன்னொன்று சொல்லுங்கள் பார்ப்போம். பார்த்தவர் எல்லோரும் சிரித்தாயிற்று. தலைப்பு என்ற முறையில் அது எவ்வளவு நேர்த்தியான வேலை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எண்ணினால் 18 எழுத்து. அடைமொழி இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. மூன்று சொல்லும் நாக்கை ஒரே இடத்தில் தட்டிவிட்டுக் கிளம்புகின்றன. நம் ஊர் வாத்தியார் என்றால் மோனைக்கென்று தனியாக மார்க் போட்டிருப்பார். வினையோ நிகழ்காலம். ஆங்கிலத் தலைப்புக்கு அது வழக்கம்தான். இருந்தாலும், பாதிகூட எண்ணி முடிக்காத வாக்கைப் பற்றி இப்படி நெஞ்சை நிமிர்த்திப் பேசும் துணிச்சல் கிளி ஜோசியருக்குக்கூட வராது.

நம் உதவி ஆசிரியர் ஒருவரை அன்று ராத்திரி சிகாகோவில் உட்கார வைத்திருந்தால் ஆபத்தில்லாமல் கரையேறியிருப்பார். ‘முன்னிலை’, ‘கடும் இழுபறி’, ‘வெற்றி முகம்’ என்று தேர்தல் ராத்திரிக்கென்றே நம்மிடம் சரக்கு இருக்கிறது. அதிலும் ‘ட்யூயி வெற்றி முகம்’ என்று போட்டிருந்தால் யார் என்ன கேட்க முடியும்? மறுநாள் ஆள் தோற்றாலும், நேற்று ராத்திரி முகம் அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடலாம். ட்ரிப்யூன்காரர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் அந்தப் பக்கத்தை இன்று நாம் பேசிக்கொண்டிருக்கவும் மாட்டோம்.

அந்தத் தலைப்பு பிறந்த கதையில் ஒரு விசித்திரச் சங்கிலி இருக்கிறது. 1947இல் தொழிற்சங்கங்களின் கையைக் கட்டும் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்தது. அப்போதே அதிபராக இருந்த ட்ரூமன் தன் அதிகாரத்தால் அதைத் தடுத்தார். நாடாளுமன்றம் அவர் தடையை மீறி நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தை எதிர்த்து அந்த வருடம் நவம்பரில் சிகாகோவின் அச்சுக்கோப்பாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பத்திரிகை நிற்கக் கூடாதே! செய்தியைத் தட்டச்சு செய்து, நறுக்கி, பக்கத்தில் ஒட்டி, அதைப் படம் பிடித்து, அச்சுத்தகடு எடுத்தார்கள். இத்தனை வேலைக்கும் நேரம் வேண்டும். அதனால் முதல் பதிப்பை வழக்கத்தைவிடச் சில மணி நேரம் முன்னதாகவே முடித்தாக வேண்டிய கட்டாயம். ட்ரூமன் வேண்டாமென்ற சட்டம், அதனால் வேலைநிறுத்தம், அதனால் அவசரம், அந்த அவசரத்தில் ட்ரூமனுக்கே தோல்வி!

முடிவு வரவில்லை, தலைப்பு வேண்டும். நிர்வாக ஆசிரியர் மலோனி, ட்யூயிதான் ஜெயிப்பார் என்ற வாஷிங்டன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கை நம்பினார். நம்பியதில் தப்பில்லை. முந்தைய 20 ஆண்டில் நடந்த ஐந்து அதிபர் தேர்தல்களில் நான்கைச் சரியாகக் கணித்தவர் ஹென்னிங். கருத்துக்கணிப்புகளும் அவர் பக்கம்தான். ரோப்பர் என்ற கணிப்பாளர், இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று செப்டம்பரிலேயே கடையைக் கட்டிவிட்டார். ‘நியூஸ்வீக்’ 50 அரசியல் நிருபர்களைக் கேட்டது; ஐம்பது பேரும் ட்யூயி என்றார்கள். ‘லைஃப்’ இதழோ அடுத்த அதிபர் படகில் போகிறார் என்றே ட்யூயி படத்துக்குக் கீழே எழுதிவிட்டது. ஊரே சேர்ந்து செய்த தப்புக்கு ஒரே ஒரு பத்திரிகை மாட்டிக்கொண்டது, எழுத்து பெரிதாக இருந்த குற்றத்துக்காக.

அந்த முதல் பக்கத்தைத் தலைப்போடு விட்டுவிடக் கூடாது, கீழேயும் இறங்கிப் படிக்க வேண்டும். ட்யூயியின் குடியரசுக் கட்சி வெள்ளை மாளிகைக்குத் திரும்புகிறது என்கிறது ஒரு துணைத்தலைப்பு. திரும்பவில்லை. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்திலும் அதே கட்சி அள்ளும் அறிகுறி தெரிகிறது என்கிறது இன்னொன்று. அந்த மாநிலத்தில் ட்ரூமன் ஜெயித்தார். ஆளுநர் பதவி 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜனநாயகக் கட்சியின் அட்லாய் ஸ்டீவன்சனுக்குப் போனது. போதாததற்கு, ஒட்டுகிற அவசரத்தில் சில வரிகள் தலைகீழாக வேறு நிற்கின்றன. இத்தனைக்கும் நடுவில், நகரத்தில் பாய்ல் முந்துகிறார் என்று ஒரு துணுக்குத் தலைப்பு. அரசு வழக்கறிஞர் பதவிக்கு நின்ற ஜான் பாய்ல் நிஜமாகவே முந்தினார், ஜெயித்தார். அந்தப் பக்கத்தின் மானத்தைக் காப்பாற்றிய புண்ணியவான் அவர் ஒருவர்தான். அவரும் ட்ரிப்யூனுக்குப் பிடிக்காத ஜனநாயகக் கட்சி!

இதழின் பெயரோடு உலகத்தின் மிகச் சிறந்த நாளிதழ் என்று தானே அச்சிட்டுக்கொள்வது ட்ரிப்யூனின் அன்றைய வழக்கம். பத்திரிகை அதிபர் கர்னல் மெக்கார்மிக் அப்படிப்பட்ட மனிதர். ஆங்கிலச் சொற்களில் ஒலிக்காத எழுத்து தண்டம் என்று கத்தரித்து அச்சிட வைத்தவர் அவர். எழுத்தில் அவ்வளவு சிக்கனம் பார்த்த பத்திரிகை, கொஞ்சம் பொறுமையில் மட்டும் தாராளம் காட்டியிருக்கலாம்.

அந்த ராத்திரி ட்ரூமன் என்ன செய்துகொண்டிருந்தார்? நிருபர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, மிசௌரியில் ஒரு சின்ன ஊர் ஓட்டலுக்குப் போய், ஒரு சாண்ட்விச்சும் ஒரு கிளாஸ் பாலும் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். விடிகாலை நாலு மணி வாக்கில் எழுப்பி, ஜெயித்தாயிற்று என்றார்கள். முடிவு: ட்ரூமனுக்கு 303 தேர்வாளர் வாக்கு, ட்யூயிக்கு 189. அதற்குள் தப்பான தலைப்போடு ஏறக்குறைய 1,50,000 பிரதிகள் ஊருக்குள் போய்விட்டன.

மறுநாள், நவம்பர் 4. வாஷிங்டனுக்குத் திரும்பும் ரயில் செயின்ட் லூயிஸ் நிலையத்தில் நிற்கிறது. கடைசிப் பெட்டியின் மேடையில் ட்ரூமன். யாரோ அந்தப் பத்திரிகையைக் கையில் கொடுக்க, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். கூடியிருந்த புகைப்படக்காரர்களுக்கு வேட்டை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தலைப்பு போட்டவர் மேல்தான் மரியாதை கூடுகிறது. படத்தில் பத்திரிகை எவ்வளவு சின்னது! தள்ளி நின்று பார்த்தாலும் மூன்று சொல்லும் பளிச்சென்று படிக்கக் கிடைக்கின்றன. ஒரு சொல் கூடியிருந்தாலும் எழுத்து சிறுத்திருக்கும். ‘ஒருவேளை’ என்று ஒன்றைச் சேர்த்திருந்தால் அதிபருக்குச் சிரிக்கவே காரணம் இருந்திருக்காது. இந்தத் தேர்தலுக்காக 30,000 மைலுக்கு மேல் ரயிலில் சுற்றிப் பேசிய மனிதர், தன் வெற்றியை அறிவிக்கத் தனக்கு எதிரான தலைப்பைவிட நல்ல போஸ்டர் கிடைக்காது என்று அந்த நொடியில் கண்டுகொண்டார். ரசிகர்!

ட்ரிப்யூனுக்கும் பின்னாளில் மனசு இளகியது. தேர்தலின் 25ஆம் ஆண்டு நிறைவில் அந்தத் தலைப்பைப் பலகையாக வார்த்து ட்ரூமனுக்கே பரிசளிக்க நினைத்திருந்தார்கள். அதற்குள், 1972 டிசம்பரில் அவர் காலமானார்.

1948இல் அவ்வளவு இளக்கம் இல்லை. உண்மை தெரிந்ததும் அடுத்தடுத்த பதிப்பில் தலைப்பை மாற்றத்தான் செய்தார்கள். என்ன போட்டார்கள் தெரியுமா? மாநிலப் பதவிகளை ஜனநாயகக் கட்சியினர் வாரிக்கொண்டு போனார்கள் என்று! சத்தியமான தகவல்தான். சப்பென்று இருக்கிறது, அது வேறு விஷயம். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ட்ரூமன் என்ற பெயரையே அதில் காணோம். ஓர் அதிபர் ஜெயித்துத் தொலைத்த அன்று மாநிலப் பதவிகளுக்கு வந்து சேர்ந்த புது ஆட்களைப் பற்றித்தான் கர்னலின் பத்திரிகைக்கு அக்கறை. குப்புற விழுந்தார்கள், வாஸ்தவம். மீசையில் மண் ஒட்டவே இல்லை.