மணவினைச் சொற்களில் எழுவாய்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

1. பொருட்பெயரும் வினைத்தொடரும்

தமிழ் இந்துத் திருமணச் சடங்குகளை விளக்கும் ஆங்கில நூல்களிலும், தமிழ்ப் புதினங்களின் மொழிபெயர்ப்புகளோடு இணைக்கப்படும் சொற்பட்டியல்களிலும் ஒரு பொதுப்போக்கு காணப்படுகிறது. தாலி, அம்மி, மஞ்சள், வாழை எனப் பொருட்பெயர்களே பதிவாகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டுப் பொருள் தரப்படுகிறது. அம்மி உறுதியைக் குறிக்கும், வாழை வழிவழிப் பெருக்கத்தைக் குறிக்கும் என்பன போன்ற இவ்விளக்கங்கள் தவறானவை அல்ல. ஆயின் போதுமானவையும் அல்ல. பந்தக்கால் நடுதல், தாரை வார்த்தல், தாலி கட்டுதல், அம்மி மிதித்தல் எனச் சடங்கின் பெயர் தமிழில் பெயரும் வினையும் இணைந்த தொடராகவே பெரிதும் நிற்கிறது. யார் செய்கிறார், யாருக்குச் செய்யப்படுகிறது என்னும் செய்தி அவ்வினையில்தான் அடங்கியுள்ளது. பொருட்பெயரை மட்டும் பெயர்ப்பவர் இதனை இழக்கிறார்.

2. வடமொழிப் பெயரும் தமிழ்ப் பெயரும்

ஒரே சடங்குக்கு வழங்கும் இருமொழிப் பெயர்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும். பாணிக்கிரகணம், கைத்தலம் பற்றுதல் ஆகிய இரண்டும் சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றன. அசுமாரோகணம் என்பது கல்மேல் ஏறுதல். தமிழிலோ கல் வீட்டு அம்மியாகவும், ஏறுதல் மிதித்தலாகவும் மாறியுள்ளன. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் வரும் கனவுத் திருமணத்திலேயே அம்மி மிதித்தல் இடம்பெறுகிறது. அங்குத் தாலி கட்டும் செய்தி இல்லை என்பதும் நோக்கத்தக்கது. கன்னிகாதானம் கொடையைப் பெயராக்குகிறது. தாரை வார்த்தல் நீர் வார்க்கும் செயலைப் பெயராக்குகிறது. மீட்க இயலாதவாறு கொடுத்துவிடுதல் என்னும் பொருள் அச்செயலிலிருந்தே விரிந்தது. கச்சத்தீவு தாரை வார்க்கப்பட்டது என அரசியல் மேடைகளில் கூறப்படுவது இதனாலேயே ஆகும்.

மிகுந்த வேறுபாடு மாங்கல்யதாரணம் என்பதில் உள்ளது. தாரணம் என்பது அணிதல், தாங்குதல். அதன் வினைமுதல் அணிபவளாகிய மணமகள். தாலி கட்டுதல் என்பதன் வினைமுதலோ மணமகன். அழைப்பிதழில் இரண்டும் ஒரே நிகழ்ச்சியைச் சுட்டினும், இலக்கண நிலையில் அவை ஒருவரையே மையமாகக் கொள்ளவில்லை.

3. கொள், வை என்னும் துணைவினைகள்

தாலி கட்டினான் என்பதே இயல்பான தொடர். சில சமூகங்களில் மணமகனின் சகோதரி அடுத்த முடிச்சுகளை இடுகிறார். அப்போதும் நாத்தனார் முடிச்சுப் போட்டாள் என்பார்களேயன்றித் தாலி கட்டினாள் என்னார். துணைவினை சேரும்போது நிலைமை மாறுகிறது.

அவளை அவனுக்குக் கட்டிவைத்தார்கள்.
அவள் அவனைக் கட்டிக்கொண்டாள்.

முதல் தொடரில் பெற்றோர் எழுவாய், பெண் செயப்படுபொருள். இரண்டாவதில் பெண்ணே எழுவாய், ஆண் செயப்படுபொருள். அவளுக்கு மணமாயிற்று என்னும் பொருள்பட ஒரே ஆங்கிலத் தொடரால் இரண்டையும் பெயர்ப்பது எளிது. ஆனால் ஒரு புதினத்தின் சிக்கல் முழுவதும் இவ்விரு துணைவினைகளின் வேறுபாட்டில் அமைந்திருக்கக்கூடும். கற்பியலின் முதல் நூற்பாவிலேயே தொல்காப்பியம் மணத்தைக் கொடு, கொள் என்னும் வினைகளால் வரையறுப்பதும், கொள்வினை கொடுப்பினை என்னும் வழக்கு இன்றும் நிலவுவதும் இணைத்து எண்ணத்தக்கன.

4. சட்டமொழியில் எழுவாய்

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், ஏழடி நடக்கும் சடங்கில் மணமகனும் மணமகளும் சேர்ந்தே அடியெடுத்து வைப்பதாகக் கூறுகிறது. சுயமரியாதைத் திருமணங்களை ஏற்கும் வகையில் 1967இல் சென்னை மாநிலத்தில் செய்யப்பட்ட திருத்தம் மூன்று வழிகளைத் தருகிறது: ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்தல், ஒருவருக்கொருவர் மாலையிடுதல் அல்லது மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல். முதல் இரண்டிலும் மணமக்களில் ஒவ்வொருவரும் வினைமுதல் என ஆங்கில மூலம் வெளிப்படையாகச் சொல்கிறது. மூன்றாவதில் மட்டும் தொழிற்பெயர் வினைமுதலின்றி நிற்கிறது.

தமிழ் வழக்கறிந்தவர் அவ்விடத்தில் மணமகனைத் தாமே வருவித்துக்கொள்வர். ஆயினும் மணமகன் மணமகளுக்குத் தாலி கட்டுதல் எனப் பெயர்த்தால், சட்டம் இடாத ஒரு வரையறையை மொழிபெயர்ப்பாளர் இட்டவராவார்.

5. முடிவுரை

இலக்கிய மொழிபெயர்ப்பில் மறைந்திருக்கும் எழுவாயை வெளிக்கொணர வேண்டியிருக்கலாம்; சட்ட மொழிபெயர்ப்பில் இல்லாத எழுவாயைப் புகுத்தாதிருக்க வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. சொற்பட்டியல்கள் தாலி என்னும் பெயரோடு நில்லாமல், கட்டுதல், கட்டிக்கொள்ளுதல், கட்டிவைத்தல் ஆகியவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகக் கொண்டு, ஒவ்வொன்றின் எழுவாயையும் வேற்றுமை அமைப்பையும் குறிக்க வேண்டும். குறியீட்டு விளக்கம் அதன் பின்னரே பயன்தரும்.