சரியாக ஐம்பதாயிரம் வந்தால்?

ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற தொழில் நிர்வாக மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் தாங்கள் அமைத்த வொர்க்ஃப்ளோவை, அதாவது அப்ரூவல் வரிசையை, எழுதி மற்றவர்களுக்கும் கொடுப்பது வழக்கம். நவி மும்பை நெருளில் குடியிருந்துகொண்டு துர்பே பக்கத்துச் சிறு ஆலைகளுக்குக் கணக்கு பார்க்கும் எனக்கு அந்தக் குறிப்புகளைப் படிப்பதில் தனி ருசி உண்டு. பெரும்பாலானவை பத்தோடு பதினொன்று. சிலவற்றைப் படித்ததுமே, எழுதியவர் பில்லும் கையுமாக உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்பது தெரிந்துவிடும்.

அந்த மென்பொருளும் மும்பையில் வளர்ந்ததுதான். ருஷப் மேத்தா தன் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலில் ஈஆர்பி பொருத்தப் பார்த்துச் சலித்துப்போய், தானே எழுத இறங்கினார். 2008இல் அது நிறுவனமானது. எவரும் எடுத்து, மாற்றி, பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டதால்தான் இந்தக் குறிப்புகளுக்கே உயிர்.

வொர்க்ஃப்ளோ என்பது அடிப்படையில் இரண்டு அட்டவணை. ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் எந்தெந்த நிலையில் நிற்கலாம் என்பது ஒன்று. எந்த நிலையிலிருந்து எதற்கு, யார், எந்த நிபந்தனையில் நகர்த்தலாம் என்பது இன்னொன்று. இதை ஃபைலாக எடுத்து அனுப்பினால் பெறுகிறவர் தன் மென்பொருளில் ஏற்றிக்கொள்வார். ஆனால் வெறும் ஃபைல் எனக்குப் போதாது. ஏன் அப்படி அமைத்தார்கள் என்று எழுதியிருக்க வேண்டும்.

தாராவியில் தோல் பை தைக்கும் ஒரு பட்டறைக்காக எழுதிய குறிப்பை அடிக்கடி எடுத்துப் படிப்பேன். “ஐம்பதாயிரத்துக்குக் கீழே என்றால் மேனேஜர், மேலே என்றால் முதலாளி” என்று நாம் வாயால் சொல்லிவிடுகிறோம். அதை அப்படியே நிபந்தனையாக எழுதினால், சரியாக 50,000 ரூபாய்க்கு வரும் ஆர்டர் இரண்டிலும் சேராது. யார் திரையிலும் பட்டன் வராது, ஆர்டர் அங்கேயே கிடக்கும். தோல் மொத்தமாக வாங்கும் இடத்தில் முழுத்தொகைக்குப் பேசி முடிப்பது சகஜம் என்பதால், மேனேஜர் பக்கத்தில் ‘50,000 வரை’ என்று சமக்குறியோடு போட்டதாக அந்தக் குறிப்பு சொல்கிறது. அந்த ஒரு வரிக்காகவே எழுதியவருக்குக் கை கொடுக்கலாம்.

அடுத்து, ‘சொந்த அப்ரூவல்’ டிக். ஆர்டர் போட்டவரே அதை அப்ரூவ் செய்யலாம் என்று அனுமதிக்கும் கட்டம் அது, புதிதாக ஒரு வரி சேர்த்தால் டிக்கோடுதான் வரும். நாமாகப் போய் எடுக்க வேண்டும். இதைச் சொல்லாத குறிப்பை நான் பாதிக் குறிப்பு என்றுதான் எண்ணுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, திரும்பி வரும் வழியை அவர் எழுதியிருக்கும் விதம். சப்மிட் ஆன ஆர்டரை இந்த மென்பொருள் மறுபடி டிராஃப்ட் ஆக்க விடாது. கேன்சல் செய்து, திருத்தப் பிரதி எடுத்தால், பழைய எண்ணின் வாலில் ‘-1’ ஒட்டிக்கொண்டு புதியது பிறக்கும். பழையது அழியாமல் அப்படியே இருக்கும். பேரேட்டில் எழுதியதைச் சுரண்டாதே, அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது என்று கணக்குப்பிள்ளைகள் பழகிய ஒழுங்கு இது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. சப்மிட் ஆனதைத் திருப்ப முடியாது என்பதால்தான் ‘திருப்பி அனுப்பியது’ என்ற நிலையை அவர் டிராஃப்ட் கணக்கிலேயே வைத்திருக்கிறார். விலையில் ஒரு பூஜ்யம் பிசகியதற்காக, கேன்சல் ஆன ஆர்டர் ஒன்று காலத்துக்கும் நிற்க வேண்டாம் அல்லவா. வாங்குகிறவர் திருத்தி மறுபடி அனுப்பிவிடுவார்.

அந்தக் குறிப்பை எடுத்துப் பயன்படுத்திய இன்னொரு பட்டறைக்காரர் கீழே ஒரு பத்தி சேர்த்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைக்கு முதலாளி போய்விட்டால் அப்ரூவல் யார் கையில்? வொர்க்ஃப்ளோவில் உரிமை ஆளின் பெயருக்கு இல்லை, ரோலுக்குத்தான். எனவே முதலாளியின் தம்பிக்கு அந்த ரோலைக் கொடுத்தால் போதும், அட்டவணையில் கை வைக்க வேண்டியதில்லை என்கிறார். கொடை முடிந்து அண்ணன் வண்டி ஏறியதும் தம்பியிடமிருந்து அதை எடுத்துவிட வேண்டும் என்பதையும் அதே பத்தியில் எழுதியிருக்கிறார்.