உவர்நீரும் ஆர்.ஓ. யந்திரமும்

சென்னையின் தென் புறநகர்களில் போர் போட்டு எடுக்கும் தண்ணீர் பல இடங்களில் கண்ணுக்குத் தெளிந்திருந்தும் நாவுக்கு உவர்ப்பதற்குக் காரணம், உப்பு அதில் மிதக்காமலும் படியாமலும் நீரோடு நீராய்க் கரைந்து கிடப்பதே. துணியில் வடித்தாலும் மணலிலும் கரியிலும் ஊற்றி எடுத்தாலும் அது பிரிவதில்லை, காய்ச்சினாலோ ஆவியாய்ப் போவது ஜலமேயன்றி உப்பன்று. அந்த உப்பைப் பிரிப்பதாகச் சொல்லிச் சமையலறைச் சுவரில் ஏறிவிட்ட ஆர்.ஓ. யந்திரங்களுள் நடுத்தர விலையுள்ள ஒன்றை வீட்டில் மாட்டி, நெடுநாள் உபயோகித்தபின் தோன்றிய அபிப்பிராயமே இது.

உப்புக் குறைந்த நீர் ஒரு நுண்சவ்வைக் கடந்து உப்பு மிகுந்த பக்கம் செல்வது இயற்கை நியதி. உப்பு நீரின் பக்கம் பம்பினால் அழுத்தம் கொடுத்து அந்நியதியைத் திருப்புவதே ஆர்.ஓ., அதாவது ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் என்னும் இதன் தத்துவம். 1960-ஐ ஒட்டிக் கலிபோர்னியா சர்வகலாசாலையில் லோப், சௌரிராஜன் என்னும் இருவர் உருவாக்கிய சவ்வினால் காரியசாத்தியமான இம்முறையிலேதான் இன்று நெம்மேலியில் கடல்நீர் குடிநீராகிறது. ஆயினும் கடல்நீரின் எதிர்ப்பை வெல்லவே ஏறத்தாழ 27 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வேண்டுமாதலால், இச்சிறிய பம்பிடம் அதை எதிர்பார்ப்பது வீண்.

எங்கள் போர் தண்ணீரில், கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் லிட்டருக்கு 1,450 மில்லிகிராம் என்று காட்டியது. யந்திரத்தின் குழாயில் வந்த நீரிலோ 95. உவர்ப்பு அறவே போய், பருப்பு முன்னைவிட விரைவில் வெந்து, காப்பியின் ருசியும் தேறியது. ஆனால் அந்த மீட்டர் அளப்பது மின்சாரத்தைக் கடத்தும் கரைபொருள்களையேயன்றிக் கிருமிகளையன்று என்பதால், எண் குறைந்ததைக் கண்டே நீர் சுத்தமென்று தீர்மானித்துவிடலாகாது.

குறைகளுள் பிரதானமானது கழிவுநீர். ஒரு குடம் நல்ல நீர் தருவதற்கு ஏறக்குறைய மூன்று குடத்தை வெளியே தள்ளும் இந்த யந்திரம், உப்பை அழிப்பதில்லை, ஒருபக்கமாய் ஒதுக்குகிறது. வெளியேறிய நீரில் மீட்டர் 1,900-ஐ ஒட்டி நின்றது அதற்குச் சாட்சி. அந்நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் உபயோகிக்கலாம். தினந்தோறும் செடிக்கு ஊற்றினால் மண்ணில் உப்பேறும். பம்பின் ரீங்காரமும் நீர் நிறையும் மந்தகதியும் பொறுக்கத்தக்கவை. கார்பன் பில்டரை உரிய காலத்தில் மாற்றாதிருப்பதுதான் பொறுக்கத்தகாதது. ஏனெனில் கார்ப்பரேஷன் நீரும் வரும் வீடுகளில் அதன் குளோரினிலிருந்து மெம்ப்ரேன் என்னும் சவ்வைக் காப்பது அந்த பில்டரே. குழாய் நீரின் எண் மாதத்துக்கு மாதம் ஏறுமானால், மெம்ப்ரேனின் ஆயுள் முடிகிறதென்று அறியலாம்.

ஆகவே வாங்குமுன் செய்யவேண்டிய காரியம் விளம்பரம் வாசிப்பதன்று, வீட்டுத் தண்ணீரை அளப்பதே. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு விரும்பத்தக்கதென வகுத்த எல்லை லிட்டருக்கு 500 மில்லிகிராம்; அதற்குக் கீழுள்ள நீரில் உப்பைப் பொறுத்தவரை இந்த யந்திரத்துக்கு வேலையில்லை, முக்கால்வாசித் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புவதுதான் மிச்சம். ஆயிரத்தைத் தாண்டிய உவர்நீர் வீட்டாருக்கோ, கழிவுநீருக்கு ஒரு வாளியும் அதைச் செலவழிக்க ஒரு வழியும் இருக்குமாயின், தயக்கமின்றிச் சிபாரிசு செய்வேன்.