அறிவியல் நகரின் மூன்று வாயில்கள்

இயந்திரவியற் கல்வி நம் நாட்டுக்கும் அயல்நாட்டுக்கும் காலந் தாழ்த்தே வந்தது. சென்னையில் 1794ஆம் ஆண்டு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி நிறுவனம், நூறாண்டு கழித்து 1894இலேயே இயந்திரப் பொறியியலைத் தன் பாடநெறிகளுள் ஒன்றாக ஏற்றது. இலங்கையில் மருதானைத் தொழினுட்பப் பள்ளி 1893இல் எழுந்தது. பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் 1950இற் பிறந்தது. வன்னி மண்ணிலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014ஆம் ஆண்டிலேதான் கிளிநொச்சி அறிவியல் நகரில் தன் முதல் மாணாக்கரை வரவேற்றது.

இன்று அவ்வூரில் பொறியியற் பீடம், தொழினுட்ப பீடம், 2016இல் தொடங்கிய இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஆகிய மூன்றும் அருகருகே நிற்கின்றன. மூன்றுக்கும் வாயில்கள் வேறு. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் கற்றோர்க்கு முதலாவது. 2013இல் உயர்தர வகுப்பிற் புகுத்தப்பட்ட தொழினுட்பத் துறையிற் பயின்றோர்க்கு இரண்டாவது. தேசிய தொழிற் தகைமை பெற விழைவோர்க்கு மூன்றாவது. வாயில்கள் பலவாதல் குற்றமன்று. உள்ளே சென்றபின் ஒரு மனையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி அரிதாயிருத்தலே எமது குறை.

நீரிறைக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். கோடையிற் கிணற்று நீர் தாழ்ந்தால், இயந்திரத்தையும் கிணற்றுள் இறக்கி வைக்கவேண்டும் என்பது எம் கமக்காரர் யாவரும் அறிந்ததே. வளியமுக்கம் நீரை ஏறத்தாழ 10 மீற்றருக்கு மேல் உயர்த்தாது என்பதும், நடைமுறையில் அவ்வளவும் கிட்டாது என்பதும் பொறியியல் மாணவன் கணித்துக் கூறுவான். ஆனால் புட்வால்வு ஒழுகுவதாற்றான் நீர் ஏறவில்லை என்பதைக் காதால் கேட்டே சொல்பவன் மூன்றாம் வாயிலிற் பயின்றவன். இவ்விரு அறிவும் ஒருவனிடத்துச் சேராவிடின் இயந்திரவியல் முழுமையுறுமா?

எம்மிடம் கற்ற மாணவன் ஒருவன் பதினான்கு வயதிலேயே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவான். இணைந்த கணிதம் அவனுக்குக் கைவரவில்லை. அத்துடன் பொறியியற் பீடத்தின் கதவு அடைபட்டது. கணிதம் வேண்டா என்று யாம் கூறவில்லை. வெப்பவியக்கவியலைக் கணிதமின்றிக் கற்பித்தல் நீரின்றி வயல் விதைப்பதை ஒக்கும். பதினெட்டு வயதில் ஒரு தேர்விற் பின்தங்கியவன், கைத்தொழிலறிவு முதிர்ந்தபின் இருபத்தைந்து வயதில் அக்கணிதத்தை மீண்டும் கற்று மேலேற ஒரு படி வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். (யானும் வெளிவாரியாகப் பட்டம் பெற்றவனாதலின் பக்கவாயிலின் அருமையை அறிவேன்.)

மொழியும் ஒரு தடையே. உயர்தரம்வரை தமிழிற் கற்ற பிள்ளை, பீடத்திற் கால்வைத்த அன்றே ஆங்கில விரிவுரையை எதிர்கொள்கின்றான். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கியது. வேலை தருவோர் ஆங்கிலத்தையே நாடுங்கால், முழுப் பட்டத்தையும் தமிழில் நடத்துதல் இங்கு மாணவனுக்கு நன்மையாகும் என்று எமக்குத் தோன்றவில்லை. எனினும் முதலாண்டில் கலைச்சொற்களை இருமொழியிலும் அருகருகே வைத்து விளக்குதல் கடினமன்று.

மூன்று நிறுவனத்தாரும் ஒரு பட்டறையிற் கூடுவதிலிருந்து தொடங்கலாம். பழுதுபட்ட ஓர் உழவு இயந்திரத்தை நடுவே நிறுத்தி, ஒரு பருவம் முழுதும் மூவகை மாணவரும் சேர்ந்து அதனைச் சீர்செய்யட்டும். அப்பருவத்தின் பெறுபேறு மூவர்க்கும் ஒரே அளவில் மதிக்கப்படட்டும்.